ஆஞ்சியோ மேசையில் நான் சொன்னது

நவம்பர் 3

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி எழுதியே தீருவேன்.

அடுத்த வாரம் டாக்டர் ஹெப்சிபா என் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து இதயம் வரைக்கும் கொண்டுபோகப் போகிறார். ஆஞ்சியோ. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் யாரோ செங்கல்லை வைத்ததுபோல் இருக்கிறது. நின்றால் எடுத்துவிடுகிறார்கள். அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டுமாம். ஆபத்து மிகக் குறைவு, ஆயிரத்தில் ஒருவருக்கு ஏதாவது ஆகலாம் என்றார். நீர்வளத் துறையில் பொறியாளராகக் காலம் தள்ளியவனுக்கு அந்த ஒருவன் யாரென்று தெரியும். எப்போதும் நான்தான்.

ஆகவே மேசையில் ஏறுவதற்கு முன்னால், எனக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்பது பதிவாகிவிட வேண்டும்.

முதலாவது, ஞானதுரை. என் மேலதிகாரி. அணைக்கட்டு மணலால் தூர்ந்துபோனதைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைத் தன் பெயரில் கருத்தரங்கில் வாசித்தவன். என்னை முதல் வரிசையில் வேறு உட்கார வைத்திருந்தான்.

இரண்டாவது, அது யாருடைய அறிக்கை என்று தெரிந்தும் கைதட்டியவர்கள். சபை நிறைய இருந்தார்கள்.

மூன்றாவது, என் தம்பி சங்கரநயினார். அவனைப் பற்றி எழுத இன்று மனமில்லை. செங்கல் வந்துவிடும்.

நவம்பர் 5

இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க. இதயத்தின் குழாய்களில் செலுத்தும் சாயம் கடைசியில் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டுமாம். "வடிகால் சரியா இருந்தாத்தான் மதகைத் திறக்கணும்" என்றேன். டாக்டர் சிரித்தார். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்திருக்கிறதா, மூச்சிரைப்பு உண்டா, என்னென்ன மாத்திரை என்றெல்லாம் கேட்டார். சர்க்கரை மாத்திரையை நான் சொல்லவில்லை. என் மனைவி வடிவு சொன்னாள்.

"சுகருக்கு ரெண்டு வேளையும் போடுவாவ, டாக்டர். யார் கேட்டாலும் சொல்லமாட்டாவ. கௌரவக் கொறச்சலாம்."

"நல்ல வேளை சொன்னீங்கம்மா. அந்த மாத்திரைய ரெண்டு மூணு நாளைக்கு நிறுத்தணும். சாயத்தோட சேர்ந்தா கிட்னிக்கு ஆகாது. சார், எங்ககிட்டயே ஒளிச்சா எப்படி?"

ஒளிக்கவில்லை. கேட்கும் விதத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நர்ஸ், "அன்னைக்கு கூட ஓடியாட ஒரு ஆம்பள ஆளு இருந்தா நல்லதும்மா" என்றாள். ஆட்டோவில் வடிவு மெதுவாக ஆரம்பித்தாள்.

"கோவில்பட்டிக்கு ஒரு போன் போடட்டுமா?"

"யாருக்கு?"

"ஒங்க தம்பிக்குத்தான். வேற யாருக்கு?"

"எனக்குத் தம்பி கிடையாது."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்ணார்பேட்டைப் பாலத்துக்குக் கீழே தாமிரபரணி செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஐப்பசி வெள்ளம். நான் அணையில் மதகுப் பணியில் இருந்தேன். அப்பா போய்விட்டார். மறுநாள் ஆள் மூலம் செய்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் புகை மட்டும் இருந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்த மகன். நயினார் இளையவன். அவன் வைத்துவிட்டான். மொட்டைத் தலையோடு என் முன்னால் வந்து நின்றான். அந்தத் தலையைப் பார்த்தபடியே திரும்பிவிட்டேன்.

நவம்பர் 9

நாளெல்லாம் மழை. ஒரு பக்கம்கூட எழுத வரவில்லை. எதிர்வீட்டு ஓட்டில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சொட்டும் தான் போகும் வழியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 12

முடிந்தது. வலது மணிக்கட்டில் இரத்தம் கசியாமல் இறுக்கிய பட்டை. இடது கையால் இதற்குமேல் முடியாது.

நவம்பர் 13

பட்டையை எடுத்துவிட்டார்கள். மெதுவாக எழுதலாம்.

காலையில் வெறும் வயிறு. சட்டையைக் கழற்றி, பின்னால் முடிச்சுப் போடும் பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். மணிக்கட்டு வழி சரிப்படாவிட்டால் தொடை வழியாகப் போவார்களாம். அதற்காக அங்கேயும் மழித்தார்கள். மழித்தவன் எம்.ஜி.ஆர். தொப்பி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாய்க்குள் ஏதோ பாடினான். இதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அறை பால் பண்ணையின் குளிரறை போலக் குளிர்ந்தது. மேசை ஒடுக்கம். தலைக்குமேல் ஒரு பெரிய யந்திரம் கொக்குபோலக் கழுத்தை வளைத்து என்னையே பார்த்தது. பெயரையும் பிறந்த தேதியையும் மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள். எரிச்சலாக இருந்தது. ஆனால் நல்ல வழக்கம். எங்கள் துறையில் கேட்டிருந்தால் எந்த அறிக்கை யாருடையது என்று தெரிந்திருக்கும்.

"சார், ஒரு ஊசி போடுறோம். தூங்க மாட்டீங்க. சும்மா மிதக்குற மாதிரி இருக்கும்" என்றாள் நர்ஸ்.

மணிக்கட்டில் மரத்துப்போக ஒரு குத்து, எறும்புக்கடி அளவு. அதன் பிறகு குழாய் உள்ளே போவது தெரியவே இல்லை. இரத்தக் குழாய்க்கு உள்பக்கம் உணர்ச்சி இல்லையாம். இந்த உடம்புக்குள் ஒரு வழிப்போக்கன் நடந்து போகிறான், வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. "மூச்ச இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று டாக்டரின் குரல் எங்கோ அக்கரையிலிருந்து வந்தது. இதயம் ஒன்றிரண்டு தடவை இடறி, பிறகு நடையைச் சரிசெய்துகொண்டது. அது சகஜம் என்றார்கள். கடைசியில் இதயத்தின் அறைக்குள்ளேயே சாயத்தைச் செலுத்தினார்கள். தலை முதல் கால் வரை ஒரு வெந்நீர் அலை. படுக்கையை நனைத்துவிட்டேனோ என்று வெட்கத்தில் செத்தேன். நனையவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம்.

பக்கத்தில் ஒரு திரை. சாம்பல் வானத்தில் திடீரென்று ஒரு கருப்பு ஆறு. கிளை பிரிந்து, கிளை பிரிந்து, மயிரிழை அளவுக்கு ஓடி மறைகிறது. மறுபடி தோன்றுகிறது. தாமிரபரணியை நான் அப்படித்தான் வரைந்திருக்கிறேன், கால்வாய் கால்வாயாக. இந்த ஆறு என்னுடையது. யாரும் அளக்காதது. அது அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு பார்த்தேன். ஓடிவந்த ஆறு ஓரிடத்தில் நூலாகிறது. இன்னொரு கிளையில் இன்னொரு இடம். அப்புறம் வலது பக்கம் ஒன்று. ஆறு எங்கே தூர்ந்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்குமேல் எல்லாம் மிதப்பு. நான் அந்தக் கருப்புத் தண்ணீரில் மல்லாந்து போய்க்கொண்டிருந்தேன். கரையில் மருத மரங்கள். யாரோ குனிந்து என்னிடம் ஏதோ கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். நல்ல பதில் என்ற நினைவு மட்டும் இருக்கிறது. கேள்வியும் பதிலும் ஈர மண்போலக் கரைந்துவிட்டன.

கண்ணைத் திறந்தபோது வார்டு. வடிவு. அவளுக்குப் பின்னால் ஸ்டூலில், பள்ளிக்கூட விசில் கழுத்தில் தொங்க, நயினார். அவன் கோவில்பட்டியில் விளையாட்டு வாத்தியார். தலை நரைத்திருந்தது. அவனைப் பார்க்காதது போல வடிவைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லல்லா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் வடிவு.

அவன் எழுந்து தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான். "நெறைய தண்ணி குடிக்கச் சொன்னாவ. சாயம் போகணுமாம்."

என்னிடமா, பாட்டிலிடமா என்று தெரியவில்லை.

ஆக, எனக்குத் தெரியாமல் அவனை வரவழைத்திருக்கிறாள். நான் திரையைப் பார்த்தது இவர்களுக்குத் தெரியாது. ஒண்ணுமில்லையாம். சரி. எவ்வளவு தூரம் போகிறார்கள், பார்க்கலாம். நான்காவது, வடிவு. மூன்றாவது பெயரில் இன்னொரு குற்றம் சேர்ந்தது.

நவம்பர் 16

மணிக்கட்டைச் சுற்றி நீலம் பாய்ந்து கத்திரிக்காய் நிறமாகிவிட்டது. வீக்கமோ, விரல் மரத்துப்போவதோ, இரத்தக் கசிவோ இல்லாவிட்டால் பயப்பட வேண்டாமாம். அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது என்றார்கள். இந்த வீட்டில் நான் என்றைக்குக் குடம் தூக்கினேன்.

வடிவு அதட்டுவதே இல்லை. ஈரத்துண்டை நாற்காலியில் போட்டேன். எடுத்துக் காயப்போட்டாள், ஒரு சொல் இல்லாமல். இருபத்தெட்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. அவ்வளவு மோசமாகவா இருக்கிறது?

கேட்கவில்லை.

நவம்பர் 18

மத்தியானத் தூக்கத்தில் கால்வாய்க் கரையோரம் நடந்தேன். தண்ணீர் கருப்பு. ஒவ்வொரு மதகாக எட்டிப் பார்த்தேன். மூன்றாவது மதகில் அப்பா உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரம் எங்க நின்னுக்கிட்டிருந்த?" என்றார். வேலை இருக்கிறது என்றேன். தலையாட்டினார். கோபமே இல்லை. விழித்தபோது மழையும் வெயிலும் சேர்ந்து அடித்தது. எந்தக் கரையில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தெரியாமலே இருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நவம்பர் 21

குளியலறை வரை நடந்ததற்கே செங்கல் வந்தது. நாக்குக்கடியில் மாத்திரை வைத்துக்கொண்டேன். வடிவிடம் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து போன் வருகிறது. அவள் சமையலறைக்குப் போய் மெல்லப் பேசுகிறாள். "இல்ல தம்பி, இன்னும் ஒண்ணும் கேக்கல" என்பது காதில் விழுந்தது.

நான்தான் கேட்க வேண்டுமா? குற்றவாளிகள் தாங்களே வந்து ஒப்புக்கொள்ள வேண்டாமா? காத்திருக்கிறேன். எனக்குப் பொறுமை உண்டு.

நவம்பர் 24

தூக்கம். மழை. தூக்கம்.

நவம்பர் 27

டாக்டரிடம் போகிற நாள். நெஞ்சில் காதுகுழலை வைத்துக் கேட்டுவிட்டு ஹெப்சிபா நிமிர்ந்தார்.

"முடிவு பண்ணிட்டீங்களா சார்? உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"என்ன முடிவு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வடிவை. வடிவு தன் கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

"மேசையிலயே சொன்னேனே சார். மூணு குழாயிலயும் அடைப்பு இருக்கு. உங்களுக்கு சுகரும் இருக்கு. அடைப்புல ஸ்டென்ட் வச்சு விரிக்கிறதவிட பைபாஸ்தான் நல்லது, ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்னு சொன்னேன். திரையில காட்டினேன். நீங்ககூட 'தூர் வாரினா போதாது, மாற்றுக் கால்வாய் வெட்டணும், அவ்வளவுதானே'ன்னீங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது."

நான் சொல்லக்கூடியதுதான். ஆனால் சொன்ன ஞாபகம் இல்லை.

"என்ன செய்யலாம்னு கேட்டேன். 'என் தம்பியக் கேளுங்க. நயினார் சொன்னா சரியா இருக்கும்'னீங்க. நம்பரையும் சொன்னீங்க."

"நானா?"

"பத்து நம்பரும். ஒரு இடத்துலகூடத் தடுமாறல. அதனால நல்லா முழிப்பாத்தான் இருக்கீங்கன்னு நினைச்சேன்."

ஒன்பது வருடமாக நான் அழைக்காத எண் அது.

"தப்பு எங்க மேலயும் இருக்கு சார்" என்றார் டாக்டர். "அந்த ஊசி போட்டப்புறம் பேசினது நிறைய பேருக்கு நினைவில நிக்காது. பார்க்க முழிச்சிருக்கிற மாதிரியே இருப்பாங்க, தெளிவா பேசுவாங்க. அதனால மயக்கம் தெளிஞ்சப்புறம் வார்டுக்கு வந்து மறுபடி ஒருதடவ உங்ககிட்ட நானே சொல்லியிருக்கணும். அவசர கேஸ் ஒண்ணு வந்துட்டுது. உங்க தம்பி சொல்லியிருப்பார்னு விட்டுட்டேன்."

ஆட்டோவில் ஏறினோம். பாலம் வந்ததும் கேட்டேன்.

"அவன நீ கூப்பிடலியா?"

"நான் எங்க கூப்பிட்டேன்? அவுக வந்து நின்னதப் பாத்து நானே முழிச்சேன். ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சாம். போட்டது போட்டபடி ஓடி வந்திருக்காவ. விசிலக்கூடக் கழத்தல."

"ஏன் ஒண்ணுமில்லன்னு சொன்ன?"

"நீங்க கேட்ட கேள்விக்கு வேற என்ன பதிலு இருக்கு? 'ஒண்ணுமில்லல்லா'ன்னு கேட்டா, என்னத்தச் சொல்ல? மொகத்தப் பாத்தா சின்னப்புள்ள மாதிரி இருந்துச்சு. டாக்டரம்மா ஒங்ககிட்டயே சொல்லியாச்சுன்னாவ. எல்லாந் தெரிஞ்சுதான் பயந்துபோய் பேசாம கெடக்கியன்னு நெனச்சேன்."

"பயமா? எனக்கா?"

"இல்ல, எனக்குத்தான்" என்றாள் வடிவு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

நவம்பர் 29

சனிக்கிழமை. நயினார் வந்தான். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம்.

"சுகர்காரருக்கு இதையா வாங்கிட்டு வருவிய?" என்றாள் வடிவு.

"வாசன மட்டும் பாக்கட்டும் மைனி. மிச்சத்த நாம பாத்துக்கிடுவோம்."

அவள் காப்பி போடப் போனாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான்தான் பேசினேன்.

"டாக்டர் உங்கிட்ட கேட்டாங்களாமே. சரின்னு சொல்ல வேண்டியதுதான? ஏன் சொல்லல?"

"சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"நாள் குறிச்சிரவான்னு கேட்டாவ. அண்ணன் முழிச்சு, அவுக வாயால சொல்லட்டும்னேன். வேணும்னா நூறு நாளானாலும் இருக்கேன்னேன்." விசில் கயிற்றை விரலில் சுற்றினான். "ஒருதடவ ஒங்களுக்குக் காத்திருக்காம ஒண்ணு செஞ்சேன். ஒம்பது வருசம் என் மூஞ்சியில முழிக்கல நீங்க. இன்னொருதடவ என்னால ஆகாதுண்ணே."

"டாக்டர் தள்ளிப்போடக் கூடாதுன்னிருக்காங்க. நான் செத்திருந்தா?"

"அத நெனச்சு நெனச்சுத்தான் தெனம் போன் போட்டேன். 'கேட்டாவளா மைனி, கேட்டாவளா மைனி'ன்னு. நீங்க கேக்கவே இல்ல." குரல் உடைந்தது. கடினமான ஆள். மைதானத்தில் இருநூறு பையன்களை ஒரு சத்தத்தில் நிறுத்துகிறவன். "அன்னைக்கும் போன் போட்டேன்ணே. அப்பாவ வச்சிக்கிட்டு. மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சு. போட்டுக்கிட்டே இருந்தேன். போகவே இல்ல."

வடிவு காப்பியோடு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அணையில டவர் விழுந்திருந்துச்சு" என்றேன். "ரெண்டு நாளா."

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"காப்பி ஆறுது" என்றாள் வடிவு.

குடித்து முடித்ததும் அவன் தன் கைபேசியில் ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தான். டாக்டர் எடுத்தார். நான் முழு விழிப்பில் இருந்தேன். எந்த ஊசியும் இல்லை. என் பெயரையும் பிறந்த தேதியையும் நானே சொன்னேன். பிறகு, பைபாஸுக்குச் சம்மதம், நாள் குறியுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. குளிர்காலம்.

டிசம்பர் 2

வரும் திங்கட்கிழமை அறுவை.

எழுதியதை ஆரம்பத்திலிருந்து படித்தேன். பதிய உட்கார்ந்தது ஒன்று, பதிந்திருப்பது வேறு. இதை நாளிதழின் மருத்துவப் பக்கத்துக்கு அனுப்பலாம் என்று தோன்றுகிறது. அந்த மேசையில் நாளைக்கு யாராவது படுக்கப்போகிறார்கள். அவர்களிடம் குழாயைப் பற்றிப் பயப்படாதீர்கள் என்பேன். குழாய் ஒன்றுமே இல்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் உடனே ஸ்டென்ட் வைக்கலாமா, யோசிக்க நேரம் வேண்டுமா, உங்களுக்குப் பதில் யார் பேசலாம் என்பதையெல்லாம் ஊசி போடுவதற்கு முன்னால் தெளிவான வாயால் சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு நீங்கள் பேசுவது உங்கள் நினைவில் நிற்காமல் போகலாம். ஆகவே மயக்கம் தெளிந்ததும் டாக்டரையே வரச் சொல்லி, பார்த்ததை மறுபடி கேளுங்கள். வீட்டாரிடம் 'ஒண்ணுமில்லல்லா' என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள்மேல் பிரியம் இருந்தால் அவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கும்.

மேலதிகாரியின் பெயரை மாற்றிவிட்டேன். அவன் செய்ததை மாற்றவில்லை. மன்னித்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

வடிவு தபால்தலையோடு வந்தாள். தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"நான் ஆட்டோவுல சொன்னதெல்லாம் போட்டிருக்கியளா?"

"போட்டிருக்கேன்."

"பேரு?"

"ஒங்க பேரெல்லாம் இருக்கு. என் பேர் இல்ல."

"அதென்ன ஞாயம்?"

பதில் யோசித்தேன். பெயர் போட்டால் துறையில், ஆரம்பித்துவிட்டான் பார் என்பார்கள். நயினார் இதை வெட்டி ஆசிரியர் அறையில் ஒட்டிவிடுவான். இவையெல்லாம் காரணம்தான், ஆனால் அசல் காரணம் இவை இல்லை. இதைப் படிக்கிற ஒருவர், எழுதியவன் யார், நல்லவனா, கசப்பு பிடித்தவனா என்று எடைபோட ஆரம்பித்தால், டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே மேசையில் ஏறிவிடுவார்.

"அவங்க என்னப் பத்தி யோசிக்க வேண்டாம். அவங்களப் பத்தி யோசிக்கட்டும்" என்றேன்.

"அப்ப ஒட்டுங்க" என்றாள்.

மழை விட்டிருக்கிறது. நயினார் பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னான். வந்ததும் தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் அவனோடு மெல்ல நடந்து போய்ப் போட்டுவிட்டு வருவேன். கையெழுத்துப் போடவில்லை.